கென்டாமா: படத்தில் விடுபட்ட கால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் கென்டாமா என்னும் ஜப்பானிய மர விளையாட்டுப் பொருளைப் பற்றிய அறிமுகக் கட்டுரையும், அதை ஆடும் முறையை விளக்கும் நான்கு படங்களும் வெளிவந்திருந்தன. பதினோரு ஆண்டுகளாக நான் குடியிருக்கும் ஹிரோஷிமா மாவட்டத்தின் விளையாட்டு ஒன்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதைக் கண்டு மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி படங்களைப் பார்க்கும் வரைதான் நீடித்தது. முதல் படத்தில் ஒரு சிறுவன் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, முழங்கால்களைக் கம்பு போல் விறைத்துக்கொண்டு, பள்ளி இறைவணக்கத்துக்கு நிற்பவன் போல நிற்கிறான். மற்ற மூன்று படங்களிலும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. படங்களின் அடியில், மணிக்கட்டை விசையோடு சுண்டிப் பந்தை எழுப்பிக் கிண்ணத்தில் ஏந்த வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. இதை நம்பி ஆடத் தொடங்கும் பிள்ளை மூன்றாம் நாளே கென்டாமாவை அலமாரியில் போட்டுவிடும். நானும் ஒருகாலத்தில் அப்படிப் போட்டவன்தான். ஆகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்; சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

பொருளைப் பற்றி முதலில் இரண்டொரு சொற்கள். 'கென்' என்பது வாள். 'தமா' என்பது உருண்டை. வாள் போன்ற கைப்பிடியின் ஒரு முனை கூராக இருக்கும். அதன் குறுக்கே செருகப்பட்ட துண்டின் இரு பக்கங்களிலும் ஒரு பெரிய கிண்ணமும் ஒரு சிறிய கிண்ணமும், கைப்பிடியின் அடியில் மூன்றாவதாக ஒரு கிண்ணமும் குடையப்பட்டிருக்கும். துளையிட்ட மர உருண்டை ஒன்று, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நூலால் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். போட்டிக்கு உரிய உருண்டையின் விட்டம் 60 மில்லிமீட்டர். கைப்பிடி, உருண்டை எல்லாம் சேர்ந்து 150 கிராம் அளவே இருக்கும். இவ்வளவு இலகுவான பொருளுக்குக் கால் எதற்கு என்று கட்டுரையாளர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

கட்டுரை இதை ஜப்பானின் தொன்மையான விளையாட்டு என்கிறது. அது பாதி உண்மை. பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் பில்போகே என்ற பெயரில் மூன்றாம் ஹென்றி மன்னரின் அரண்மனை வரை புகழ்பெற்றிருந்த கோப்பையும் பந்துமான விளையாட்டு, எடோ காலத்தில் (1603–1868), அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்திருந்த நாகசாகித் துறைமுகத்தின் வழியாக ஜப்பானுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1809-இல் அச்சான ஒரு நூல் இதைக் குடிவிருந்து விளையாட்டாகக் குறிப்பிடுகிறது. தோற்றவர் குடிக்க வேண்டும். இன்று நாம் காணும் வடிவம் அவ்வளவு பழையதன்று. ஹிரோஷிமா மாவட்டத்தின் கூரே நகரைச் சேர்ந்த எகுசா ஹமாஜி என்பவர், உருண்டையைக் கதிரவனாகவும் கிண்ணத்தின் வளைவைப் பிறைநிலவாகவும் கண்டு, 'நிச்சிகெத்சு பந்து' என்று, அதாவது 'கதிர்நிலாப் பந்து' என்று பெயரிட்டு 1919-இல் பதிவு செய்தார். மரக்கடைசல் தொழிலில் பேர்பெற்ற ஹத்சுகாய்ச்சி என்ற ஊரில் 1921 முதல் அது செய்யப்பட்டது. பின்னர் 1975-இல், சிறுவர் எழுத்தாளரான ஃபுஜிவாரா இஸ்ஸெய் ஜப்பான் கென்டாமா சங்கத்தைத் தொடங்கினார். அளவுகளும், ஆடும் முறைகளும், தேர்வுப் படிகளும் அதன் வழியாகவே ஒழுங்குக்கு வந்தன.

வரலாற்றை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. விருந்துக் கூடத்தில் பாயில் அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் இதை ஆடியபோது முழங்காலுக்கு அங்கே வேலை இருந்திருக்காது. கையும் அதிர்ஷ்டமும் போதுமானவையாக இருந்திருக்கும். அதே விளையாட்டு எழுந்து நின்று, பத்து முயற்சியில் எத்தனை என்று எண்ணப்படும் தேர்வாக மாறிய பிறகு, கையை மட்டும் நம்பியவர்கள் பின்தங்கிப் போனார்கள். தங்கள் கட்டுரையாளர் தந்திருக்கும் முறை அந்தக் குடிவிருந்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நான் கற்றுக்கொண்டது எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில். சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே எண்பது வயதைக் கடந்த ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கென்டாமா சொல்லித் தருவார். பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் போய் நின்றேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. என் முழங்கையின் அடியில் தம் உள்ளங்கையை வைத்து அது உயராதபடி தடுத்துக்கொண்டு, "ஹிஸா, ஹிஸா" என்று இரண்டு முறை சொன்னார். ஜப்பானிய மொழியில் ஹிஸா என்றால் முழங்கால். கென்டாமா பழகும் எந்த இடத்துக்குப் போனாலும் காதில் மிகுதியாக விழும் சொல் அதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பந்து விழுவது கிண்ணத்தில். கிண்ணம் இருப்பது கையில். இவர் ஏன் முழங்காலை இடித்துரைக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கான விடை தொங்கும் நூலிலேயே இருக்கிறது. கைப்பிடியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால், உருண்டை முழங்காலுக்குச் சற்று மேலே, கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நேராகத் தொங்கும். அந்தத் தூக்குநூல் கோட்டிலேயே அது மேலே வந்தால், கிண்ணத்தை அதன் கீழே அரை அங்குலம் நகர்த்தினால் போதும். பந்து தானாக அமர்ந்துவிடும். கோட்டை விட்டு விலகி எழுந்தால், கிண்ணம் பந்தைத் துரத்த வேண்டும். கையைத் தொடர்ந்து தோளும், தோளைத் தொடர்ந்து உடலும் சாயும். அந்தச் சாய்வைத் தாங்கக் கால் ஓர் அடி எடுத்து வைக்கும். புதியவர்கள் கென்டாமாவோடு அறை முழுவதும் ஓடுவது இதனால்தான். பந்து ஏன் கோட்டை விட்டு விலகுகிறது? முழங்கையை மடக்கி இழுத்தால் கை நேர்க்கோட்டில் உயர்வதில்லை. முழங்கையை மையமாகக் கொண்டு வட்டத்தின் ஒரு துண்டைத்தான் வரைகிறது. மணிக்கட்டைச் சுண்டினால் அந்த வட்டம் இன்னும் சிறியது, வளைவு இன்னும் கூடியது. கை எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கம் நூல் பந்தை இழுக்கிறது. மாறாக, கையை உடலோடு இணங்க வைத்துக்கொண்டு மடங்கிய முழங்கால்களை நிமிர்த்தினால், உடல் முழுவதும் செங்குத்தாக மேலே எழுகிறது; அதோடு கையும், கையோடு நூலும், நூலோடு பந்தும் எழுகின்றன. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற மூன்று மூட்டுகளும் ஒன்றன் வளைவை மற்றொன்று ஈடுசெய்துகொள்வதால் கிடைக்கும் நேர்க்கோடு அது. ஒற்றை மூட்டால் அதைத் தர முடியாது.

இனி பாதங்களைப் பற்றிச் சொல்கிறேன். தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நிற்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் வலக்காலைப் பாதி அடி முன்னே வைக்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கால் முன்னே. தங்கள் படத்தில் இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; பத்துப் பிள்ளைகள் படித்தால் அவர்களில் ஒருவராவது இடக்கைப் பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். விரல்நுனிகள் இலேசாக வெளிப்பக்கம் நோக்கலாம். எடை பாதத்தின் முன்பகுதியில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஆனால் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றால் கணுக்கால் ஆடும், கணுக்கால் ஆடினால் கிண்ணமும் ஆடும்.

ஒரு கால் ஏன் முன்னே இருக்க வேண்டும்? நிற்பவர் விழாமல் இருக்க வேண்டுமானால், அவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் கோடு, இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் சேர்ந்த பரப்புக்குள் விழ வேண்டும். பாதங்களை ஒட்டி வைத்தால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் மிகக் குறுகிவிடுகிறது. தோள் அகலம் விரித்தால் பக்கவாட்டுக் குறை தீர்கிறது. ஆனால் முன்பின்னாகப் பாதத்தின் நீளம் மட்டுமே மிஞ்சுகிறது. கென்டாமாவிலோ எல்லாமே உடலுக்கு முன்னால்தான் நடக்கிறது. கருவியின் எடை 150 கிராம்தான் என்றாலும், அதை ஏந்தி நீட்டும் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நாற்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோ முன்னும் பின்னும், மேலும் கீழும் போய்வரும்போது தாங்குவதற்கு முன்பக்கத்தில் இடம் வேண்டும். ஒரு காலைப் பாதி அடி முன்வைத்தால் அந்த இடம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் முன்வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். வாள்சண்டைக்கு நிற்பவர் போல ஆகிவிடும். முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மடங்க முடியாமல் போகும். ஆகவே பாதி அடி என்று அளந்து சொல்கிறேன்.

உடற்செயலியல் அறிந்தவர்கள் இதில் இன்னொன்றையும் சொல்வார்கள். நின்றபடி ஒருவர் கையை விரைவாக உயர்த்தும்போது, தோள் தசை இயங்குவதற்குச் சில பத்து மில்லிவிநாடிகள் முன்னதாகவே காலிலும் முதுகிலும் உள்ள தசைகள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. கை எழுவதால் உடல் ஆடப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே கணக்கிட்டுக் காலுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. எனவே முழங்காலைப் பூட்டி வைத்துக்கொண்டு கையால் ஆடுவதாக எண்ணிக்கொள்பவரும் உண்மையில் காலைக்கொண்டுதான் தொடங்குகிறார். அந்தக் காலுக்கு வேலை செய்ய இடம் விடாமல் ஆடுகிறார், அவ்வளவே.

எவ்வளவு மடக்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு இது: நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் மனம் மாறியவர் எந்த நிலையில் இருப்பாரோ அதில் பாதி. முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். பெரியவர்கள் செய்யும் தவறெல்லாம் இந்த இடத்தில்தான். முழங்காலை மடக்குங்கள் என்றால் இடுப்பை வளைத்துக் குனிவார்கள். தலை முன்னே போகும். அதோடு ஈர்ப்பு மையமும் முன்னே போகும். பந்து மூக்கருகே வந்து பயமுறுத்தும். பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளிடம் வேறொரு சிக்கலைக் கண்டிருக்கிறேன். நண்பர் ஒருவரின் மகளிடம் மடக்கு என்றதும், பழகிய கால் அரைமண்டிக்குப் போய், முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. பார்க்க அழகாக இருந்தது. பந்து மட்டும் கிண்ணத்துக்கு வரவில்லை. கென்டாமாவில் முழங்கால், பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே முன்னோக்கி மடங்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தொடையில் வலு இருந்ததால், இதைத் திருத்திக்கொண்ட பிறகு எங்கள் எல்லோரையும் முந்திவிட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது பந்தை எழுப்புவதைப் பற்றி. பந்தை வாங்கும்போது முழங்கால் இரண்டாம் முறை மடங்க வேண்டும். கென்டாமாவின் உயிர் என்று நான் கருதுவது இந்த இரண்டாவது மடக்கலைத்தான். தங்கள் கட்டுரையில் இதன் சாயல்கூட இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கீழிருந்து ஒருவர் செங்கல்லை வீச, சாரத்தில் நிற்பவர் அதைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையை விறைத்துக்கொண்டு பிடிப்பதில்லை. கல் கையில் பட்ட நொடியிலேயே கையும் தோளும் முழங்காலும் கல் போகும் போக்கில் சிறிது போய், அதன் விசையை வாங்கிக்கொள்கின்றன. உயரே போன கிரிக்கெட் பந்தை நன்றாகப் பிடிக்கும் பையனும் உள்ளங்கையை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொண்டேதான் பிடிக்கிறான். கென்டாமாவில் பிடிப்பது கை அன்று, மரக்கிண்ணம். வந்து விழுவதும் மரம்தான். மரத்தில் மரம் விழுந்தால் துள்ளும்.

கணக்காகச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கிண்ணத்துக்கு மேலே 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து, கிண்ணத்தைத் தொடும்போது நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். கிண்ணம் அசையாமல் இருந்து, கையின் தசை நெகிழ்ந்த அரை சென்டிமீட்டருக்குள் பந்து நின்றாக வேண்டுமானால், கிண்ணம் சராசரியாகப் பந்தின் எடையைப் போல் 21 மடங்கு விசையோடு அதைத் தடுக்க வேண்டும். அதே பந்தோடு கிண்ணமும் 10 சென்டிமீட்டர் இறங்கி மெல்ல மெல்ல நிறுத்தினால், பந்தின் எடையைப் போல் 2 மடங்கு விசையே போதும். இருபத்தொன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தொலைவுதான் துள்ளி வெளியேறும் பந்துக்கும் அமைதியாக அமரும் பந்துக்கும் உள்ள தொலைவு. அந்த 10 சென்டிமீட்டரைக் கை மட்டும் தர முயன்றால் கிண்ணம் சாய்ந்துவிடும். முழங்கால் தந்தால் கிண்ணம் நேராகவே இறங்கும். பழகியவர் வாங்கும் ஒலி மென்மையாக இருக்கும். பழகாதவர் வாங்கும்போது கதவைத் தட்டுவது போலக் கேட்கும். எங்கள் முதியவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே, யார் முழங்காலை மடக்கவில்லை என்று அந்த ஒலியைக்கொண்டு சொல்லிவிடுவார்.

சங்கத்தின் தேர்வுப் படிகள் பத்தாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு ஏறுகின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் காலுக்குக் கற்பிக்கும் பாடத் திட்டம் போலவே எனக்குத் தோன்றும். பெரிய கிண்ணம், சிறிய கிண்ணம், அடிக்கிண்ணம் என்ற பத்தாம், ஒன்பதாம், எட்டாம் நிலைகளில் வாங்கும் வாய் மாறுகிறது. கால் செய்வது ஒன்றே. ஏழாம் நிலையான ரோசொகு, அதாவது மெழுகுவத்தி, கைப்பிடியைக் கூர்முனைப் பக்கம் விரல்களால் பிடித்து அடிக்கிண்ணத்தில் வாங்குவது. பிடி மேலோட்டமாக இருப்பதால் கையால் அழுத்தி இழுக்கவே முடியாது, கால்தான் தூக்க வேண்டும். கையை நம்பி மூன்று நிலைகளைத் தாண்டியவர்கள் இங்கே தடுக்கி நிற்பார்கள். ஆறாம் நிலையான தொமெகென்னில் நேராக எழும் உருண்டையின் துளையில் கூர்முனையைச் செலுத்த வேண்டும். இங்கே முழங்கால் மடங்குவதோடு பார்வையும் சேர்ந்துகொள்கிறது. துளையை விட்டுக் கண் நகரக் கூடாது. ஆனால் அதற்காகத் தலையைப் பின்னே சாய்த்து அண்ணாந்து பார்க்கவும் கூடாது. அண்ணாந்த தலையோடு நிற்பவருக்குச் சமநிலை கெடும் என்பதைப் பரணில் பொருள் தேடியவர்கள் எல்லோரும் அறிவார்கள். எனவே பந்து நெற்றிக்கு மேலே போகும்படி எழுப்பக் கூடாது. முழங்காலால் அளவாக எழுப்பினால் அது நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடையிலேயே நின்றுவிடும்.

ஐந்தாம் நிலையான விமானத்திலும், நான்காம் நிலையான ஃபுரிகென்னிலும் மட்டும் ஊசலாட்டம் வருகிறது. முன்னதில் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னே வீசி, அதன் முனையைத் துளைக்குள் வாங்க வேண்டும். பின்னதில் உருண்டையை வீசி, அது தன் துளையை நம் பக்கம் திருப்பிக்கொண்டு வரும்போது முனையில் ஏந்த வேண்டும். முன்னே வைத்த கால் தன் பயனைக் காட்டுவது இங்கேதான். ஊசல் முன்னே போகும்போது எடை முன்காலுக்கு இலேசாகச் செல்கிறது. நூல் இறுகும் நொடியில் தம் பக்கம் இழுக்கையில் எடை பின்காலுக்குத் திரும்புகிறது. பாதங்களை ஒட்டி வைத்தவருக்கு இந்தப் போக்குவரத்துக்கு வழியே இல்லை. மணிக்கட்டுக்கும் இங்கே சிறிது வேலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கட்டுரையாளர் ஒருவேளை இந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் மணிக்கட்டைப் பற்றி எழுதினாரோ என்னவோ. ஆனால் பத்தாம் நிலையைக் கற்கும் பிள்ளைக்கு நான்காம் நிலையின் மணிக்கட்டைச் சொல்லித் தருவது முறையாகாது.

மூன்றாம் நிலையான ஜப்பான் சுற்று, இரண்டாம் நிலையான உலகச் சுற்று ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய கிண்ணம், பெரிய கிண்ணம், முனை என்று வரிசையாக வாங்குவது முன்னது. முனைக்கு முன் அடிக்கிண்ணத்தையும் சேர்த்துக்கொள்வது பின்னது. பக்கம் மாறும்போது உடல் இடமும் வலமும் சாயாமல், கைப்பிடியை மட்டும் திருப்பிக்கொண்டு, கால் ஒரே சீராக மடங்கி நிமிர வேண்டும்.

முதல் நிலையான தொதாய், அதாவது கலங்கரை விளக்கம், வேறு வகையானது. உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தொங்கும் கைப்பிடியை மேலே எழுப்பி, அதன் அடிக்கிண்ணம் உருண்டையின் மேல் அமர்ந்து, கூர்முனை வானைப் பார்த்து நிற்கும்படி செய்ய வேண்டும். முந்தைய ஆட்டங்களில் பந்து கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டால் கிண்ணத்தின் சுவர் அதைக் காத்துக்கொள்ளும். இங்கே குவிந்த பரப்பின் மேல் ஒரு கோல் நிற்க வேண்டும். காப்பது ஏதும் இல்லை. இதை முயலும்போதுதான் நாம் அசையாமல் நிற்பதாக எண்ணும்போதுகூட உண்மையில் அசைந்துகொண்டே இருக்கிறோம் என்பது புலப்படும். நின்றுகொண்டிருக்கும் எந்த உடலும் கணுக்காலை மையமாகக் கொண்டு ஓயாமல் மெல்ல ஆடுகிறது. மூளை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. முழங்காலைப் பூட்டியவரிடம் அந்த ஆட்டம் அப்படியே மேலே ஏறிக் கைக்கு வந்து கோலைத் தள்ளிவிடும். முழங்கால் நெகிழ்ந்திருந்தால் ஆட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். எனக்குக் கலங்கரை விளக்கம் கைவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டில் நான் நூலைக் குறை சொன்னேன், உருண்டையின் வழவழப்பைக் குறை சொன்னேன், கைப்பிடி எடை சரியில்லை என்று புதிதாக ஒன்றும் வாங்கினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாக இருந்த கதைதான்.

தேர்வுப் படிகளோடு சேர்ந்து, மொஷிகமே என்ற பயிற்சியும் உண்டு. முயலும் ஆமையும் போட்டியிட்ட கதையைச் சொல்லும் ஜப்பானியச் சிறுவர் பாட்டின் தாளத்தில், பெரிய கிண்ணத்துக்கும் அடிக்கிண்ணத்துக்கும் பந்தை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்பது அது. ஒவ்வொரு தட்டுக்கும் முழங்கால் ஒரு முறை மடங்கும். ஐந்து நிமிடம் விடாமல் செய்து பாருங்கள். கை சோர்வதற்கு முன் தொடை சோர்ந்துவிடும். கையால் ஆடுகிறோமா காலால் ஆடுகிறோமா என்ற வழக்கைத் தீர்க்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. இங்கே முதியோர் கூடும் இடங்களில் கென்டாமா விரும்பப்படுவதற்கும் இந்த மென்மையான கால் பயிற்சி ஒரு காரணம். ஆனால் மூட்டு வலி உள்ளவர்கள் இலேசாக மட்டுமே மடக்க வேண்டும்; கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி இருப்பதும் நல்லது. தங்கள் பக்கத்தைப் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் தாத்தா பாட்டிமார் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆடுவது எந்த வயதினருக்கும் ஆகாது. வெறுங்கால் மிக நன்று. அடுத்தவர் மீது பந்து படாதபடி இரண்டு கை நீளம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

இணையத்தில் காணும் இளைஞர்களின் ஆட்டத்தைக் காட்டி, அவர்கள் இப்படியெல்லாம் நின்று ஆடவில்லையே என்று யாரேனும் எனக்கு மறுப்பு எழுதக்கூடும். அமெரிக்க இளைஞர்கள் கென்டாமாவைக் கையில் எடுத்த பிறகு ஆட்டத்தின் தோற்றம் மாறியது உண்மை. ஸ்கேட்போர்டு ஆடுபவர்களின் தளர்ந்த உடல்மொழி அதற்குள் வந்தது. 2014 முதல் ஹத்சுகாய்ச்சியில் உலகக் கோப்பைப் போட்டி நடக்கிறது. ஓராண்டு அதைப் பார்க்கப் போனபோது, இடம் கிடைக்காமல் முன்வரிசையில் தரையில் அமர்ந்தேன். அங்கிருந்து ஆடுபவர்களின் கால்கள்தான் நன்றாகத் தெரிந்தன. வேறு வழியின்றி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டது என்னவென்றால், கை சுழற்றும் வேகத்தில் நம் கண்ணை இழுத்துக்கொள்ளும் அந்த இளைஞர்கள், பந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடியில் தாழ்ந்து போகிறார்கள். பாதங்களை இடம் மாற்றுகிறார்கள், சில நேரம் ஓடவும் செய்கிறார்கள். ஆனால் வாங்கும் நொடியில் இரு பாதங்களும் தரையில் விரிந்து ஊன்றியிருக்கின்றன, முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன. எங்கள் முதியவர் சொன்னதையே அவர்கள் நகர்ந்துகொண்டு செய்கிறார்கள்.

பதற்றம் வந்தால் முதலில் பூட்டிக்கொள்வது முழங்கால்தான் என்பதற்கும் ஒரு சான்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானியப் பொதுத் தொலைக்காட்சியின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியில், பாடகர் ஒருவர் பாடிக்கொண்டிருக்க, வரிசையாக நிற்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பெரிய கிண்ணத்தில் பந்தை ஏந்தும் கின்னஸ் முயற்சி நடக்கும். 2023-ஆம் ஆண்டு இறுதியில் 128 பேர் தொடர்ந்து ஏந்தியதாக முதலில் அறிவிக்கப்பட்டு, பதினாறாமவர் தவறவிட்டது காணொளியில் தெரியவந்ததால் அந்த அங்கீகாரம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஏந்த வேண்டியது பத்தாம் நிலை ஆட்டம், அதாவது முதல் பாடம். நாடே பார்க்கிறது என்ற எண்ணத்தோடு அந்த வரிசையில் நின்றிருந்தால் என் முழங்காலும் விறைத்துத்தான் போயிருக்கும். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டே. கட்டுரையின் குறிப்பில் மணிக்கட்டைப் பற்றிய வரியை நீக்கிவிட்டு, கால்களைத் தோள் அகலம் விரித்து ஆடும் கையின் பக்கத்துக் காலைப் பாதி அடி முன்வைக்க வேண்டும் என்றும், முழங்காலை மடக்கி நிமிர்ந்து பந்தை எழுப்பி மீண்டும் மடக்கி வாங்க வேண்டும் என்றும் திருத்தம் வெளியிட வேண்டும். அடுத்து, படங்களை மறுபடியும் வரையச் சொல்ல வேண்டும். மதுரையில் இருக்கும் என் அக்காள் மகன், தங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நான் முன்பு அனுப்பியிருந்த கென்டாமாவைத் தேடி எடுத்து, பந்து வரவே மாட்டேன் என்கிறது மாமா என்று காணொளி அழைப்பில் காட்டினான். திரையில் அவன் முகமும் கையும் கென்டாமாவும் தெரிந்தன. தொலைபேசியைக் கீழே ஸ்டூலின் மேல் வைத்துக் காலைக் காட்டு என்றேன். தங்கள் முதல் படத்தில் உள்ள சிறுவனைப் போலவே அவன் பாதங்கள் ஒட்டியிருந்தன. காலை மாற்றி வைத்த பிறகு ஏழாவது முயற்சியில் பெரிய கிண்ணத்தில் வாங்கினான். புதிதாக வரையும் ஓவியர் நான்கு படங்களிலும் பாதம் வரை வரையட்டும். இடம் போதவில்லை என்றால் தலையைச் சிறிது வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஹிரோஷிமா மாவட்டம், ஜப்பான்.